கல்லூரியில் கலக்கிய வைட் ரிசீவர் என்எஃப்எல்லில் நிற்பாரா? ஹயட், நகூவாவை வைத்துப் பேசுவோம்

இரண்டாவது_டவுன்

வணக்கம் நண்பர்களே. 2023 ட்ராஃப்டில் (அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) நடந்த ஒரு விஷயம் எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

டென்னசி பல்கலைக்கழகத்தின் வைட் ரிசீவர் (ஓடிப்போய் பந்தைப் பிடிப்பவர்) ஜேலின் ஹயட், 2022 சீசனில் 67 கேட்ச், 1,267 யார்டு, 15 டச்டவுன். அலபாமாவை 52-49 என்று சாய்த்த அந்த அக்டோபர் ஆட்டத்தில் மட்டும் 6 கேட்ச், 207 யார்டு, 5 டச்டவுன். நாட்டின் சிறந்த ரிசீவருக்கான பிலெட்னிகாஃப் விருதும் அவருக்குத்தான். ட்ராஃப்டுக்கு முந்தைய உடல்திறன் தேர்வான கம்பைனில் 40 யார்டை 4.40 விநாடியில் ஓடினார். மூன்றாவது சுற்றில் 73ஆவது ஆளாக நியூயார்க் ஜயன்ட்ஸ் எடுத்தது.

அதே ட்ராஃப்டில் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் புக்கா நகூவா. 2022இல் 48 கேட்ச், 625 யார்டு, 5 டச்டவுன். காயத்தால் பாதி சீசன் வந்தும் வராமலும் இருந்தார். கம்பைனில் ஓடவில்லை, கல்லூரி நடத்தும் திறன் தேர்வு நாளான ப்ரோ டேயில் 4.57 என்று பதிவானது. ஐந்தாவது சுற்று, 177ஆவது ஆள், லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ்.

அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். நகூவா முதல் சீசனிலேயே 105 கேட்ச், 1,486 யார்டு. அறிமுக வீரர்களின் யார்டு சாதனை 1960இலிருந்து பில் குரோமன் பெயரில் 1,473 என்று இருந்தது, அதையும் தாண்டிவிட்டார். ஹயட் முதல் ஆண்டில் 23 கேட்ச், 373 யார்டு. அடுத்த ஆண்டு 8 கேட்ச், 62 யார்டு.

என் கேள்வி இதுதான். நம்மைப் போல வீட்டில் உட்கார்ந்து சனிக்கிழமை கல்லூரி ஆட்டம் பார்க்கிறவருக்கு இது முன்கூட்டியே தெரிந்திருக்க வாய்ப்பு உண்டா? இல்லை, எல்லாம் குருட்டு அதிர்ஷ்டமா?

கார்னர்_கண்ணன்

ஹயட் விஷயத்தில் பெருமளவு தெரிந்தே இருந்தது. இல்லாவிட்டால் பிலெட்னிகாஃப் வாங்கியவர் 73 வரை சரிவாரா? கிட்டத்தட்ட எல்லா அணிகளும் அவரைத் தாண்டிப் போயின, பல அணிகள் இரண்டு முறை.

டென்னசியில் ஜாஷ் ஹைப்பல் நடத்தும் ஆட்டமுறையைப் பாருங்கள். வெளி ரிசீவர்கள் கிட்டத்தட்ட எல்லைக்கோட்டை ஒட்டி நிற்பார்கள். தடுப்பாளர்களும் கூடவே விரிந்துபோக வேண்டும், நடுவில் மைதானமே காலியாகிவிடும். ஒரு முயற்சி முடிந்த கையோடு அடுத்த ஸ்னாப் (பந்தைப் பின்னால் கொடுத்து அடுத்த முயற்சியைத் தொடங்குவது), எதிரணிக்கு ஆள் மாற்றவும் நேரம் இருக்காது, மூச்சு வாங்கவும் நேரம் இருக்காது. அந்தக் காலி இடத்தில் ஸ்லாட்டில் (வெளி ரிசீவருக்கும் நடு லைனுக்கும் இடைப்பட்ட இடம்) நிற்கிறவர் ஹயட். எதிரே நெஞ்சில் கை வைத்துத் தடுக்க ஆள் கிடையாது. சேஃப்டி (ஆழத்தில் நிற்கும் தடுப்பாளர்) எந்தப் பக்கம் சாய்கிறார் என்று பார்த்து, காலியாக இருக்கும் பக்கம் நேராக ஓடிவிட வேண்டியதுதான். அலபாமாவுக்கு எதிரான ஐந்து டச்டவுனையும் மறுபடி போட்டுப் பாருங்கள். அவரைச் சுற்றி எத்தனை யார்டுக்கு ஆளே இல்லை என்பதை மட்டும் கவனியுங்கள்.

ஃபிளாட் பிட்சில் அடித்த முச்சதம் மாதிரி. அடித்தது பொய்யில்லை, ஆனால் பந்து எழும்பினால் என்ன செய்வார் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

இன்னொன்று, அதற்கு முந்தைய இரண்டு சீசன்களையும் சேர்த்தால் ஹயட்டின் கணக்கில் மொத்தம் 41 கேட்ச்தான். 2021இல் அந்த அணியின் முதல் ரிசீவர் செட்ரிக் டில்மன், 1,081 யார்டு எடுத்தார். 2022இல் டில்மனுக்குக் காயம், ஹயட் மேலே வந்தார். வேடிக்கை என்னவென்றால் ட்ராஃப்டில் ஹயட் 73, அடுத்த 74ஆவது பெயரே டில்மன்தான், கிளீவ்லண்டுக்கு.

பாமா_டல்லாஸ்

கண்ணன் சார், ஒப்புக்கொள்கிறேன், ஆனால் "ஆட்டமுறையின் குழந்தை" என்று சொல்லி வேகத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடக் கூடாது. வேகமான ரிசீவர் பந்தைத் தொடாவிட்டாலும் ஒரு சேஃப்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டு போவார். அது எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது. அதற்காகவே அணிகள் காசு கொடுக்கின்றன.

லாம்போ_லிங்கம்

வேகத்துக்கு மட்டும் காசு கொடுத்தவர்கள் பட்டியல் நீளம், பாமா. 2017இல் ஜான் ராஸ் 4.22 ஓடினார், அப்போது அதுதான் கம்பைன் சாதனை. சின்சினாட்டி ஒன்பதாவது இடத்தில் எடுத்தது. அதே ட்ராஃப்டில் 69ஆவது இடத்தில் போனவர் கூப்பர் கப், அவர் ஓடியது 4.62. சின்னப் பிரிவில் ஆடும் ஈஸ்டர்ன் வாஷிங்டனில் 428 கேட்ச், 6,464 யார்டு குவித்திருந்தார். "எதிரணிகள் எல்லாம் சோப்ளாங்கி" என்று ஒதுக்கினார்கள். 2021இல் 145 கேட்ச், 1,947 யார்டு, 16 டச்டவுன், மூன்றிலும் லீக்கிலேயே முதலிடம், கூடவே சூப்பர் பௌல் சிறந்த வீரர் விருது.

பாமா_டல்லாஸ்

கப் ஒருவரைக் காட்டி எத்தனை நாள் ஓட்டுவீர்கள்? 4.6 ஓடிக் காணாமல் போனவர்கள் பெயரை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை, அதனால் கப் மட்டும் தெரிகிறார்.

மூன்றும்_ஏழும்

இது நல்ல கேள்வி. ஆனால் நான் வேறு பக்கத்திலிருந்து வருகிறேன். ஹயட்டும் நகூவாவும் இடம் மாறிப் போயிருந்தால்?

2023 ஜயன்ட்ஸ் அணியின் லட்சணம் நினைவிருக்கிறதா? அந்த ஒரு சீசனில் அவர்களின் குவாட்டர்பேக்குகள் (பந்தை எறிபவர்கள்) 85 முறை பின்னாலேயே மடக்கப்பட்டார்கள், அதாவது 85 சாக். லீக் வரலாற்றிலேயே இரண்டாவது மோசமான எண்ணிக்கை. டேனியல் ஜோன்ஸுக்குக் காயம், டைரோட் டெய்லருக்குக் காயம், கடைசியில் டாமி டெவிட்டோ வந்து நின்றார். நாற்பது யார்டு நேராக ஓடும் ரிசீவருக்கு என்ன வேண்டும்? குவாட்டர்பேக் மூன்று விநாடிக்கு மேல் நிற்க வேண்டும். அதுவே அங்கே கிடையாது. ஹயட் காலியாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ ஆட்டங்களில் பந்து போட வேண்டியவர் புல்லில் கிடந்தார்.

நகூவா பக்கம் பாருங்கள். பயிற்சியாளர் ஷான் மெக்வே, குவாட்டர்பேக் மேத்யூ ஸ்டாஃபோர்ட், போதாததற்குக் கூப்பர் கப்புக்குத் தொடைத்தசைக் காயம், முதல் நான்கு ஆட்டம் இல்லை. முதல் ஆட்டத்தில் சியாட்டிலில் 10 கேட்ச், 119 யார்டு. இரண்டாவதில் சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிராக 15 கேட்ச். ஐந்தாவது சுற்று ஆளுக்கு இப்படி வாசல் திறப்பது அபூர்வம்.

கார்னர்_கண்ணன்

வாசல் திறந்தது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் ஐந்தாவது வாரம் கப் திரும்பி வந்த பிறகு நகூவா ஓரங்கட்டப்படவில்லையே. ஜனவரியில் டெட்ராய்டில் நடந்த பிளேஆஃப் ஆட்டத்தில் 9 கேட்ச், 181 யார்டு. அறிமுக வீரர் எவரும் பிளேஆஃபில் அத்தனை யார்டு எடுத்ததில்லை. அடுத்த சீசனில் முழங்கால் பிரச்சினையோடு 11 ஆட்டம் மட்டும் ஆடி 990 யார்டு. அதிர்ஷ்டம் ஒரு மாதம் நிற்கும். இவ்வளவு காலம் நிற்காது.

ஜயன்ட்ஸ் பற்றிச் சொன்னது மிகச் சரி. ஆனால் அதிலேயே ஒரு பாடம் இருக்கிறது. ஒரே ஒரு வேலை மட்டும் தெரிந்த ரிசீவர், அந்த வேலைக்கு இடமில்லாத அணிக்குப் போனால் தீர்ந்தது. 85 சாக் வாங்கும் அணியில் நகூவா இருந்திருந்தால் ஸ்லான்ட், குறுக்கு ரூட் (ரிசீவர் ஓடும் பாதை), ஸ்கிரீன், ஜெட் ஸ்வீப் என்று பந்து சீக்கிரம் கைக்கு வரும் ஏதாவது ஒன்றில் அவரைப் பயன்படுத்தியிருப்பார்கள். 1,486 வந்திருக்காது. 600, 700 வந்திருக்கலாம். கல்லூரியிலேயே அது தெரிந்தது. 2022இல் 48 கேட்ச் மட்டுமில்லை, 25 முறை பந்தைக் கையில் வாங்கி ஓடி 209 யார்டு, 5 டச்டவுன். சீசனின் முதல் ஆட்டத்தில், முதல் ஸ்னாப்பிலேயே 75 யார்டு ஓடினார்.

ராம்ஸ்_ரங்கா

குறுக்கே வருகிறேன், ஒரு சின்னத் தகவல். ஜயன்ட்ஸ் ஹயட்டை எடுத்த அந்த 73ஆவது இடம் யாருடையது தெரியுமா? எங்கள் ராம்ஸுடையது. 89, 128 இரண்டையும் வாங்கிக்கொண்டு அதை விற்றார்கள். 89இல் கோபி டர்னர் வந்தார், முதல் ஆண்டிலேயே 9 சாக். 128இல் ஸ்டெட்சன் பென்னட், அதைப் பற்றிப் பேச வேண்டாம். 177இல் நகூவா. அன்றைக்கு இதைப் பார்த்து "ரிசீவர் இல்லாத அணி ரிசீவரை விற்கிறதே" என்று கத்தியவர்களில் பாதிப் பேர் இன்று நகூவா சட்டை போட்டிருக்கிறார்கள்.

இரண்டாவது_டவுன்

சரி, ஆட்டமுறையைக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும் என்று புரிகிறது. எதை வைத்துக் கழிப்பது? டிவியில் பந்து போன பிறகுதான் கேமராவே ரிசீவரைக் காட்டுகிறது.

கார்னர்_கண்ணன்

முதலில் இரண்டு லீக்குக்கும் விதியிலேயே இருக்கும் வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். பாதித் தெளிவு அதிலேயே வரும்.

மைதானத்தின் நடுவே இருக்கும் ஹாஷ் குறிகள், கல்லூரியில் ஒன்றுக்கொன்று 40 அடி தூரம். என்எஃப்எல்லில் 18 அடி 6 அங்குலம். அதாவது கல்லூரியில் பந்து ஒரு ஹாஷில் இருந்தால் மறுபக்கம் பரந்த வெளி கிடக்கும். வேகமான ஆளை அந்தப் பக்கம் நிறுத்தினால் தடுப்பவருக்குத் துணைக்கு வர ஆள் தூரத்தில்தான் இருப்பார். என்எஃப்எல்லில் எப்போதும் பந்து ஏறக்குறைய நடுவில், அந்தப் பரந்த பக்கம் என்பதே கிடையாது. கல்லூரியில் "தனியாகப் பிரிந்து ஓடினார்" என்று நாம் கைதட்டுவதில் ஒரு பகுதி இந்த 40 அடியின் புண்ணியம்.

அடுத்தது கால். கல்லூரியில் ஒரு கால் உள்ளே விழுந்தால் கேட்ச். என்எஃப்எல்லில் இரண்டு காலும் வேண்டும். எல்லைக்கோட்டில் பிடித்த கேட்ச்களை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். ஒரு காலே போதும் என்ற இடத்திலும் இரண்டாவது காலை இழுத்து வைக்கிறாரா? வைத்தால் அந்தப் பையன் ஞாயிற்றுக்கிழமைக்கு, அதாவது என்எஃப்எல்லுக்கு, தயாராகிறான் என்று அர்த்தம்.

மூன்றாவது, கைத்தடுப்பு. என்எஃப்எல்லில் ஐந்து யார்டு தாண்டிவிட்டால் ரிசீவர் மேல் கை வைக்கக் கூடாது. கல்லூரியில் அந்த ஐந்து யார்டு வரம்பே இல்லை. அப்படிப் பார்த்தால் கல்லூரியில்தான் கஷ்டம் அதிகமாக இருக்க வேண்டும். ஆனால் பெரும்பாலான கல்லூரி கார்னர்பேக்குகள் (ரிசீவருக்கு எதிரே நிற்கும் தடுப்பாளர்கள்) ஏழு எட்டு யார்டு பின்னால்தான் நிற்கிறார்கள், நெருங்கி நின்று ஏமாந்துவிடுவோமோ என்ற பயம். என்எஃப்எல்லில் அந்த ஐந்து யார்டுக்குள்ளேயே உங்களைச் சுவரோடு அறைகிற மாதிரி நிறுத்துகிற ஆட்கள் வாரா வாரம் வருவார்கள். எனவே கார்னர் மூக்குக்கு நேரே நிற்கும் ஸ்னாப்களை மட்டும் தேடிப் பிடித்துப் பாருங்கள். ஒரு ஆட்டத்தில் ஐந்தோ ஆறோ கிடைக்கும். எனக்கு அந்த ஆறு ஸ்னாப், மற்ற அறுபதைவிட முக்கியம்.

லாம்போ_லிங்கம்

அந்த மூன்றாவது பத்தியை அச்சடித்து ஒட்டலாம்.

மெரினா_மோஷன்

கண்ணன் அண்ணா, எல்லாம் சரி. ஆனால் இதே அளவுகோலை வைத்துத்தான் 2020இல் ஜஸ்டின் ஜெஃபர்சனைக் கீழே தள்ளினார்கள். "எல்எஸ்யூவில் (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) ஸ்லாட்டில் நின்று ஜோ பர்ரோ போட்டதைப் பிடித்தார், சுற்றிலும் ஜாமார் சேஸ் மாதிரி ஆட்கள், வெளியே நிறுத்தினால் தாங்குவாரா" என்று. 111 கேட்ச், 1,540 யார்டு, 18 டச்டவுன் எடுத்தவரைப் பற்றி இப்படிப் பேசினார்கள். பிலடெல்ஃபியா அவரை விட்டுவிட்டு 21இல் ஜேலன் ரேகரை எடுத்தது. 22இல் மின்னசோட்டா ஜெஃபர்சனைத் தூக்கிக்கொண்டு போனது, முதல் ஆண்டே 1,400 யார்டு.

ரேகர் கதை இன்னும் சுவாரசியம். டிசியூவில் (டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம்) கடைசி ஆண்டு 43 கேட்ச், 611 யார்டுதான். "குவாட்டர்பேக் சரியில்லை, அதனால் எண் குறைந்தது, ஆளிடம் சரக்கு இருக்கிறது" என்று சூழலைக் கழித்துக் கணக்குப் போட்டார்கள். நீங்கள் நகூவாவுக்குப் போடுகிற அதே கணக்கு. என்ன ஆயிற்று? ரேகர் என்எஃப்எல்லில் நிற்கவில்லை.

பாமா_டல்லாஸ்

மெரினா கேட்டது நூறு சதவீதம் நியாயம். கண்ணன் சார் பதில் சொல்லாமல் நழுவக் கூடாது.

கார்னர்_கண்ணன்

நழுவவில்லை தம்பி, இந்த இழையில் வந்ததிலேயே கனமான கேள்வி இது.

ஜெஃபர்சனை ஸ்லாட் ஆள் என்று முத்திரை குத்தியவர்கள் 2019ஐ மட்டும் பார்த்தார்கள். 2018இல், பாஸ் ஆட்டப் பயிற்சியாளர் ஜோ பிரேடி வருவதற்கு முன்னால், சாதாரணமாகத் தடுமாறிக்கொண்டிருந்த எல்எஸ்யூ தாக்குதலில் அவர்தான் முதல் ரிசீவர். வெளியே நின்று 54 கேட்ச், 875 யார்டு. ஆதாரம் ஒரு வருடம் பின்னால் அப்படியே கிடந்தது. ஹயட்டுக்கு அந்த மாதிரி முந்தைய வருடம் எதுவும் இல்லை. ஸ்லாட்டில் நின்றாலும் ஜெஃபர்சன் செய்த வேலையே வேறு. லைன்பேக்கர்களுக்கு (நடுக்களத் தடுப்பாளர்கள்) நடுவே வேகத்தைக் குறைத்து, கூட்டி, திரும்பி, அடி வாங்கிக்கொண்டே பிடித்தார். ஹயட் காலி மைதானத்தில் நேராக ஓடினார். இரண்டையும் "ஸ்லாட்" என்று ஒரே பெட்டியில் போட்டது வசதிக்காக.

ரேகர் விஷயத்தில் குவாட்டர்பேக் மோசம் என்பது உண்மைதான். ஆனால் மோசமான பந்து வந்தபோது அதைப் பிடித்தாரா? மேலே எழும்பிச் சண்டை போட்டு எடுத்தாரா? சூழலைக் கழித்த பிறகு மிச்சம் என்ன இருக்கிறது என்று காட்ட வேண்டும். கழித்ததே காரணமாகிவிடக் கூடாது. நகூவாவிடம் மிச்சம் இருந்தது. 2021இல் 43 கேட்சுக்கு 805 யார்டு, கேட்சுக்கு 18க்கு மேல். 4.57 ஓடுகிறவருக்கு அந்தச் சராசரி வேகத்தால் வராது. பிடித்த பிறகு முதல் ஆள் மோதியும் விழாமல் போவதால் வந்தது.

எண்_கணிதம்

நான் படம் பார்க்கிற ஆள் இல்லை, தாள் பார்க்கிற ஆள். யார்டு, டச்டவுன் மொத்தத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். எனக்கு இரண்டு கணக்கு போதும்.

அணியின் மொத்தப் பாஸ் யார்டில் இவர் பங்கு எவ்வளவு, அதை எந்த வயதில் முதன்முதலில் எட்டினார் என்பது ஒன்று. ஜாமார் சேஸ் 19 வயதில் 84 கேட்சுக்கு 1,780 யார்டு, 20 டச்டவுன். அதுவும் ஜெஃபர்சன் மறுபக்கம் இருக்கும்போது. அடுத்த ஆண்டு ஆடவே இல்லை. இருந்தும் ஐந்தாவது இடத்தில் போனார், முதல் சீசனில் 1,455 யார்டு. 22 வயதில் 19 வயதுப் பையன்களுக்கு எதிராக எண் குவிப்பது வேறு.

இரண்டாவது, ஓடிய ஒவ்வொரு ரூட்டுக்கும் எத்தனை யார்டு. காயத்தால் ஆட்டம் குறைந்தவர்கள், ஓட்டத்தையே நம்பும் அணியில் இருந்தவர்கள் இதில்தான் நியாயமாகத் தெரிவார்கள். நகூவாவின் 625ஐப் பார்த்துச் சாதாரணம் என்று நினைத்தவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்திருந்தால் இன்னொரு முறை திரும்பிப் பார்த்திருப்பார்கள்.

விருதுகளை விட்டுவிடுங்கள். பிலெட்னிகாஃப் 2015 கோரி கோல்மன், 2016 டீடி வெஸ்ட்புரூக், 2017 ஜேம்ஸ் வாஷிங்டன், மூவரும் என்எஃப்எல்லில் பெரிதாக நிற்கவில்லை. பிறகு 2019 சேஸ், 2020 டெவான்டா ஸ்மித், இருவரும் நின்றார்கள். வரிசையைப் பார்த்தாலே தெரியும், அதில் முன்கணிப்பு எதுவும் இல்லை. கோல்மனும் ஹயட்டைப் போலவே பேலரில் ரிசீவர்களை எல்லைக்கோட்டுக்குத் தள்ளி நிறுத்தும் ஆட்டமுறையிலிருந்து வந்தவர், கிளீவ்லண்ட் 15ஆவது இடத்தில் எடுத்தது. ஏழு வருடம் கழித்து அணிகள் அதே வகை ஆளை மூன்றாவது சுற்று வரை விட்டன. லீக் கற்றுக்கொள்ளாது என்று யாரும் சொல்லாதீர்கள்.

மூன்றும்_ஏழும்

கற்றுக்கொண்ட லீக்தான் நகூவாவை 176 பேருக்குப் பின்னால் வைத்தது. :)

2021இல், பிறகு நட்சத்திர ரிசீவரான அமான்-ரா செயின்ட் பிரௌனுக்கு முன்னால் 16 ரிசீவர்கள் போனார்கள். அந்தப் பதினாறு பெயரையும் அவர் வரிசையாக ஒப்பிப்பார்.

ராம்ஸ்_ரங்கா

நகூவா கீழே போனதற்குப் பெரிய காரணம் மருத்துவ அறிக்கை என்றுதான் நினைக்கிறேன். வாஷிங்டனில் முதல் ஆண்டே பாதத்தில் எலும்பு முறிவு, அங்கே இரண்டு வருடத்தில் மொத்தம் 16 கேட்ச். பிரிகாம் யங்கில் கணுக்கால், கை. ப்ரோ டே வரைக்கும் ஏதாவது ஒன்று. கேமராவில் தெரிகிற திறமையை எல்லா அணியும் பார்த்திருக்கும். உடம்பு தாங்குமா என்பதில்தான் பயந்திருப்பார்கள். 2024 முழங்காலைப் பார்த்தால் அந்தப் பயமும் முழுக்கப் பொய்யில்லை.

இன்னொன்று யாரும் சொல்லவில்லை: பிளாக்கிங், அதாவது பந்தோடு ஓடும் சகவீரருக்காக எதிரணி ஆளை இடித்துத் தடுப்பது. மெக்வே ரிசீவர்களை லைனுக்குப் பக்கத்திலேயே குறுக்கி நிறுத்துவார். அங்கே நின்றால் லைன்பேக்கரை, சில சமயம் டிஃபென்சிவ் எண்டையே இடிக்க வேண்டும். இடிக்காத ரிசீவருக்கு அந்த அணியில் ஸ்னாப்பே கிடையாது. நகூவா கல்லூரியிலேயே ஆளைத் தேடிப்போய் இடிப்பார். கப்பும் அப்படியே. ஒரே அச்சில் வார்த்த இரண்டு பேரை ஒரே அணி மூன்றாவது சுற்றிலும் ஐந்தாவது சுற்றிலும் எடுத்தது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

பாமா_டல்லாஸ்

அப்படியானால் சரி. "நல்ல ரிசீவரா" என்று கேட்பதைவிட "எந்த அணிக்கு நல்ல ரிசீவர்" என்று கேட்க வேண்டும் என்கிறீர்கள். இதை ஏற்கிறேன். ஆனால் ஹயட்டைத் தூக்கிப் போட்டது இன்னும் எனக்கு உறுத்துகிறது. நேரம் கொடுக்கும் லைனும், ஆழமாக எறியத் தயங்காத குவாட்டர்பேக்கும் இருந்திருந்தால் அவருக்கு ஒரு வேலை இருந்திருக்கும்.

இரண்டாவது_டவுன்

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. வீட்டிலிருந்து பார்க்கிறவர் இதில் எவ்வளவு தூரம் போகலாம்? 22 பேரும் தெரிகிற கோணத்தில் வீடியோ எங்கே கிடைக்கும்?

கார்னர்_கண்ணன்

என்எஃப்எல் ஆட்டங்களுக்குச் சந்தா கட்டினால் அந்தக் கோணம் கிடைக்கும். கல்லூரி ஆட்டங்களுக்கு நமக்குக் கிடைப்பது கடினம், பயிற்சியாளர்களும் அணிகளும்தான் பார்ப்பார்கள். எனவே ஹயட்டின் எண்ணைச் சந்தேகப்பட நம்மால் முடிந்திருக்கும். நகூவாவைக் கண்டுபிடிப்பது, என் கருத்தில், டிவி ஒளிபரப்பை வைத்து முடியாது. பாதி முடியும், பாதி முடியாது.

ஜனவரி கடைசியிலோ பிப்ரவரி தொடக்கத்திலோ அலபாமாவில் மொபைல் நகரத்தில், ட்ராஃப்டுக்குப் போகும் கல்லூரி வீரர்களுக்கான சீனியர் பௌல் ஆட்டத்தின் பயிற்சிகள் நடக்கும். ஒரு ரிசீவர், ஒரு கார்னர், நடுவில் வேறு யாரும் இல்லை. டிவியிலும் காட்டுவார்கள். சின்னக் கல்லூரியிலிருந்து வந்த கப் மீது இருந்த சந்தேகம் 2017இல் கொஞ்சம் குறைந்ததே அங்கேதான். அதில் பந்து பிடித்தாரா என்று பார்க்காதீர்கள். முதல் மூன்று அடியில் கார்னரின் இடுப்பு எந்தப் பக்கம் திரும்பியது என்று பாருங்கள். திரும்பவே இல்லையென்றால் அவர் எத்தனை விநாடியில் 40 யார்டு ஓடினாலும் எனக்குக் கவலை இல்லை, என் பட்டியலில் மூன்றாவது சுற்றுக்கு மேலே வரமாட்டார்.

பாமா_டல்லாஸ்

4.3க்குக் கீழே ஓடினால் என் பட்டியலில் இரண்டாவது சுற்று. மொபைலில் பார்க்கலாம், சார்.